அலாரம் மாட்ட வரும் பையனை எப்படி நம்புவது?

கேள்வி:

ஐயா, ராமநாதபுரத்தில் ஒன்பது வருடமாக அலாரம், கேமரா மாட்டும் தொழில் செய்கிறேன். என்னிடம் ஆறு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம் வரை 140 பேனல் (அலாரத்தை இயக்கும் பெட்டி) எங்கள் சர்வீஸில் இருக்கிறது. போன மாதம் கீழக்கரையில் ஒரு வீட்டில் 11 பவுன் நகை போய்விட்டது. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மற்றவர்கள் கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார்கள். அலாரம் அடிக்கவே இல்லை. போலீஸில் என் பையன்கள் இரண்டு பேரை இரண்டு நாள் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். யார் எடுத்தது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் "அலாரம்காரன் ஆளுதான் எடுத்திருப்பான்" என்று ஊரில் பேச்சாகிவிட்டது. என் சீனியர் பையன் மறுநாளே போய்ப் பேனலை ரீசெட் செய்து ஓட விட்டுவிட்டு வந்தான்.

இப்போது புதிதாக இரண்டு பேரை எடுக்க வேண்டும். ஒருவன் என் சொந்தக்காரப் பையன். இன்னொருவன் தங்கச்சிமடம். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவன், இலங்கை நேவி பிடித்து ஏழு மாதம் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். அதை அவனே என்னிடம் சொன்னான். "ஜெயிலுக்குப் போனவனையா அடுத்தவன் வீட்டுக்குள்ள விடப்போற?" என்று என் மாமா சத்தம் போடுகிறார். போலீஸ் சர்டிபிகேட் வாங்கினால் போதுமா? பையன்களின் அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கஸ்டமர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வாசகர், ராமநாதபுரம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

யாரை எடுப்பது என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "ரீசெட்" என்ற சொல்லைப் படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. அதை முதலில் பேசிவிடுவோம். மற்ற எல்லாம் அடுத்த வாரம் வரை காத்திருக்கும், இது காத்திருக்காது.

அந்தப் பேனலுக்குள் ஈவென்ட் லாக் இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனையாவது கோட் நம்பரைப் போட்டு ஆன் செய்தார்கள், ஆஃப் செய்தார்கள், எந்த ஜோன், அதாவது எந்த ஜன்னல் அல்லது கதவுப் பகுதி, கண்காணிப்பிலிருந்து விடப்பட்டு பைபாஸ் ஆனது, கரண்ட் எப்போது போனது, பேட்டரி எப்போது இறங்கியது என்று வரி வரியாகப் பதிந்திருக்கும். புரோகிராமை ரீசெட் செய்தாலும் பல மாடல்களில் லாக் அழிவதில்லை. ஆனால் வீட்டில் ஆள் புழங்க ஆரம்பித்துவிட்டால் தினமும் காலையும் மாலையும் ஒரு வரி புதிதாக ஏறும், அடியில் இருக்கும் பழைய வரி ஒன்று கீழே விழும். ஒரு மாதம் ஆகிவிட்டது. இதைப் படித்ததும் விசாரணை அதிகாரிக்குப் போன் செய்து, "பேனலில் பதிவு இருக்க வாய்ப்பிருக்கிறது, எடுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவர் ஆள் அனுப்பினால் அவரோடு போங்கள். நீங்களே எடுக்கச் சொன்னால், வீட்டார் முன்னிலையில், ஒவ்வொரு வரியும் தெரியும்படி வீடியோ எடுங்கள். கேமரா ரெக்கார்டரும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். இந்நேரம் அது போயிருக்கலாம், ஆனாலும் பாருங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஏற்க வேண்டுமானால் 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். முன்பு 65பி என்று சொல்வோமே, அதற்குப் பதிலாக வந்தது. யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்தப் படிவம் என்பதை அதிகாரியிடமே கேட்டு அதன்படி செய்யுங்கள்.

லாக்கில் மூன்றில் ஒன்று தெரியவரும். புறப்படும் அவசரத்தில் வீட்டார் அலாரத்தை ஆன் செய்யாமலே போயிருக்கலாம். அல்லது யாரோ சரியான கோட் நம்பர் போட்டு ஆஃப் செய்திருக்கலாம். அல்லது அலாரம் ஆனில் இருந்தும் அந்த ஜன்னலோ கதவோ பேனலுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். உங்கள் பையன்கள் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தது இரண்டாவதை நினைத்து. எனக்கென்னவோ மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் காற்று உங்களுக்கே தெரியும். கீழக்கரையில் கடலைப் பார்த்த ஜன்னலில், அது திறந்தால் பேனலுக்குச் சொல்வதற்காக மாட்டிய டோர் கான்டாக்ட் இரண்டு வருடத்தில் பச்சை பூத்துவிடும். உப்பு ஏறிய ஸ்க்ரூவில் வயர் பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமே இல்லாமல் ஹூட்டர் அலறும். வீட்டில் இருக்கும் பெரியம்மா பயந்துபோய்க் காலையில் போன் செய்வார். பையன் போவான். ஏணி போட்டு ஜன்னலில் ஏறி, புது கான்டாக்ட் மாட்டி, வயரை மாற்ற அரை நாள் ஆகும். அன்றைக்கு அவனுக்கு இன்னும் நான்கு சர்வீஸ் கால் இருக்கும். என்ன செய்வான்? பேனல் மூடியைக் கழற்றி, அந்த ஜோனின் வயரை உருவிவிட்டு, அதே இரண்டு டெர்மினலுக்கு நடுவே நகத்தளவு ரெசிஸ்டர் ஒன்றை முறுக்கிவிடுவான். ஜன்னல் மூடித்தான் இருக்கிறது என்று பேனல் என்றென்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கும். கீபேடில் பச்சை விளக்கு எரியும். ஹூட்டர் அலறாது. "சரியாயிருச்சா தம்பி?" என்றால் "சரியாயிருச்சும்மா" என்பான். சர்வீஸ் கார்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அந்த வீட்டுப் பேனலைத் திறக்கும்போது டெர்மினல் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் சென்சாரின் பக்கம், வயரின் கடைசி முனை. அது பேனலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், எந்த ஜோன், அந்த ஜோனுக்கு யார் கடைசியாக சர்வீஸ் போனார் என்று பாருங்கள். நகை எடுத்தவன் அந்தப் பையனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வந்தவனுக்கு அந்த ஜன்னலைத் திறந்து வைத்தது அவன்தான். அவனுக்கு ஒரு நாளில் ஏழு சர்வீஸ் கால் கொடுத்து அனுப்பிய முதலாளிக்கும் அதில் பங்கு உண்டு, தம்பி. வருத்தப்படாதீர்கள், நானும் அந்தப் பக்கம் நின்றவன்தான்.

2004-ல் தொண்டியில் ஓர் அடகுக் கடை என் பொறுப்பில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ். ஒரு நாள் சாயங்காலம் போனேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கீபேடில் கோளாறு எதுவும் காட்டவில்லை. பேனலைத் திறக்காமலே கார்டில் "பேட்டரி சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் கழித்து, ராத்திரி கரண்ட் போயிருந்த நேரத்தில் ஷட்டரை நெம்பித் திறந்திருக்கிறார்கள். ஹூட்டர் ஒரு முனகல் கூட இல்லை. காலையில் நான் போய் மூடியைத் திறந்தபோது பேட்டரியின் நெகடிவ் முனை வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து, கிளிப் தானாகக் கழன்று தொங்கியது. கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "போன தடவ பேட்டரி பார்த்தீகள்ல தம்பி?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றேன். அந்தப் பொய்யை அவரிடம் திருத்திச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. நான் ஒரு குண்டூசி எடுத்ததில்லை, ஆனால் அந்தக் கடையில் போனதற்கு என்னைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

அதனால் ஆள் தேர்வு என்று நீங்கள் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நகை எடுக்கிறவனைக் கண்டுபிடிக்கிற வேலை கொஞ்சம். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாத ஆளைக் கண்டுபிடிப்பதும், அப்படி எழுத வேண்டிய நெருக்கடியில் அவனை வைக்காமல் இருப்பதும்தான் பெரிய வேலை.

சரி, போலீஸ் சர்டிபிகேட்டுக்கு வருவோம். கட்டாயம் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வேலைக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நபர் மேல் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். பையனிடம் சொல்லி, அவன் சம்மதத்தோடு செய்யுங்கள். ஆனால் அது எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்து வையுங்கள். வேறு மாநிலத்தில் வேலை பார்த்த காலம் அதில் வராது. முன்பு இருந்த கடையில் பணம் கையாடி, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்து வெளியே அனுப்பிய விஷயம் எந்தப் பதிவிலும் இருக்காது. நம் பக்கத்தில் அப்படித் தீர்ந்து போனவைதான் அதிகம். ஆதார் அட்டையும் அப்படியே. அவன் யார் என்பதற்கு அது சாட்சி, எப்படிப்பட்டவன் என்பதற்கு இல்லை.

சட்டமும் நமக்கு அதிகம் கைகொடுக்காது. 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், காவலாளியாக ஒருவரை அமர்த்தும் முன் அவர் நடத்தையையும் பின்புலத்தையும் சரிபார்க்கச் சொல்கிறது, பயிற்சியும் கேட்கிறது. அது வாசலில் நிற்கிற செக்யூரிட்டியை மனதில் வைத்து எழுதியது. படுக்கையறை வரை போய் எந்த அலமாரிக்கு எதிரே சென்சார் வைப்பது என்று பார்க்கிற நம் பையனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் அலாரம் கம்பெனிகளே பிஎஸ் 7858 என்ற தரவிதியின்படி ஆளைச் சரிபார்க்கின்றன. கடைசி ஐந்து வருடம் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று விடாமல் கணக்கு வேண்டும். 31 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அதற்கும் விளக்கம் வேண்டும். நமக்கு யாரும் இதைக் கட்டாயமாக்கவில்லை. நான் பல வருடமாக ஒரு நோட்டில் இதைச் செய்து வருகிறேன். நீங்களும் செய்யலாம். மாதம், வருடம், இடம், யாரிடம், எதற்காக விட்டான். அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும்.

நம் கரையில் அந்தப் பக்கத்தை நிரப்பும்போது கொஞ்சம் நம் ஊர்க் கண்ணோடு படிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் பையன் வலை பொத்தியிருப்பான், கட்டட வேலைக்குப் போயிருப்பான், கேரளாவுக்குப் போயிருப்பான், சும்மாவும் இருந்திருப்பான். அது கறுப்புப் புள்ளி இல்லை. போட்டில் போனவனிடம் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டால் எங்கே போவான்? படகுக்காரரைக் கேளுங்கள். மீன் விற்ற கணக்கை யார் கையில் கொடுத்தீர்கள், பங்கு பிரிக்கும்போது அந்தப் பையனோடு தகராறு வந்ததா, டீசல் போட யாரை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். கணக்குக்கும் டீசலுக்கும் ஒருவனை அனுப்பினார்கள் என்றால், எந்த ஆபீசும் தரும் லெட்டரைவிட அதற்கு மதிப்பு அதிகம். போனில் கேட்காதீர்கள். நேரில் போங்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் கூட ஆகாது.

இப்போது அந்தத் தங்கச்சிமடத்துப் பையன். அவன் ஏழு மாதம் ஜெயிலில் இருந்தது 1974-லும் 1976-லும் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தங்களில் வந்த கடல் எல்லையைத் தாண்டியதற்காக. யார் வீட்டுப் பூட்டையும் உடைத்ததற்காக இல்லை. எல்லை மீறி மீன் பிடித்தது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்தான், அதை மறுக்க வேண்டாம். ஆனால் ராமேஸ்வரம் தீவில் தெருவுக்குத் தெரு இப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். படகு எங்கே போகிறது என்பதைப் பல நேரம் அந்தப் பையன் தீர்மானிப்பதுகூட இல்லை. உங்கள் மாமாவுக்கு ஜெயில் என்ற ஒரு சொல்தான் கேட்கிறது. எனக்கு உங்கள் கடிதத்தில் அதற்கு அடுத்த வரிதான் கேட்கிறது: "அதை அவனே என்னிடம் சொன்னான்." சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தமிழ்நாட்டுப் போலீஸ் பதிவில் அது இருக்காது. அந்த ஏழு மாதத்தைக் கேரளாவில் பெயின்ட் அடித்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்காத பேட்டரியைப் பார்த்தேன் என்று அவன் எழுத மாட்டான் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் நேர்முகத்தில் கிடைக்காது.

இதில் உச்ச நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. 2016-ல் அவதார் சிங் வழக்கில், அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தைப் பற்றிப் பேசும்போது, வழக்கு, கைது பற்றிய தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது என்றார்கள். அதே தீர்ப்பில், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான விஷயமாக இருந்தால், மறைத்திருந்தாலும்கூட வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி மன்னித்து விடலாம் என்றும் சொன்னார்கள். நம் தொழில் அரசு வேலை இல்லை. ஆனால் அந்தத் தராசு நமக்கும் பொருந்தும். நம் மாவட்டத்தில் மறியலில் உட்கார்ந்ததற்கு வழக்கு இருக்கும் பையன்கள் எத்தனை பேர்! அந்த வழக்கையும் வீடு புகுந்து திருடிய வழக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எஃப்.ஐ.ஆரில் பெயர் வருவதும் தண்டனை ஆவதும் ஒன்றில்லை என்பதும் நினைவிருக்கட்டும். போன மாதம் உங்கள் பையன்கள் இரண்டு பேரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள்தானே.

சொந்தக்காரப் பையனைப் பற்றி ஒரு வரிதான். அவனுக்கும் அதே நோட்டு, அதே போலீஸ் சரிபார்ப்பு. அவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மாமா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவன் பக்கம் காலியாக இருந்தால் மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அசல் சர்டிபிகேட் வாங்கி வைப்பது வேண்டாம். பார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். அசலைப் பூட்டி வைத்தால் பையன் உங்களை விட்டுப் போக முடியாமல் இருப்பான், அவ்வளவுதான். போக முடியாமல் இருக்கிறவன் மனதில் கசப்பு சேரும். அந்தக் கசப்போடு அவன் நாளைக்கு யார் வீட்டுப் படியேறுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஆதார் நகலையும் வாட்ஸப் குரூப்பில் போட்டு வைக்காதீர்கள். இதை நான் பல கடைகளில் பார்க்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு பெரிய அலாரம் கம்பெனியில் டெக்னீஷியன் ஒருவன் இருந்தான். கேமரா மாட்டப் போகும் வீடுகளில், வீட்டாரின் கணக்கில் தன் சொந்த இமெயிலையும் சேர்த்துவிடுவான். யாராவது கேட்டால், "டெஸ்ட் பண்ணத்தான், தற்காலிகம்" என்பான். நான்கரை வருடத்தில் 200-க்கு மேற்பட்ட கணக்குகளில் 9,600 தடவைக்கு மேல் நுழைந்து, வீட்டுக்குள் இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறான். 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 52 மாதச் சிறைத் தண்டனை பெற்றான். அவ்வளவு பெரிய கம்பெனியிலும் நான்கரை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் எந்தக் கணக்கில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கதையைக் கீழக்கரையில் வைத்துப் பாருங்கள். துபாயில் இருக்கும் கணவர் போனில் வீட்டைப் பார்க்கிறார். ஆப்பை இன்ஸ்டால் செய்து கொடுத்தது நம் பையன். ஓ.டி.பி. வந்த போன் யாருடையது? பல வீடுகளில் அது டெக்னீஷியனின் போன்தான்! வீட்டார்க்கு ஆப் தெரியாது, அவசரம், அதனால் பையன் தன் நம்பரிலேயே கணக்கு ஆரம்பித்து, அவர்களுக்கு ஷேர் செய்துவிட்டு வந்துவிடுவான். கெட்ட எண்ணமே இருக்காது. ஆனால் அந்த வீட்டு ஹாலின் சாவி ஒன்று அவன் சட்டைப்பையில் இருந்துகொண்டே இருக்கும், அவன் உங்களை விட்டு விலகிப் போன பிறகும். அனுமதி இல்லாமல் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின் கீழ் குற்றம் என்று பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியம், கணக்கு வாடிக்கையாளரின் நம்பரில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஷேர் லிஸ்ட்டில் வீட்டார் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது என்று விதி வைத்து, சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அந்த லிஸ்ட்டை வீட்டாரிடமே காட்டச் சொல்லுங்கள். ஆண்கள் இல்லாத வீட்டுக்கு இரண்டு பேராக அனுப்புங்கள். "காக்கா வந்தப்பறம் வாங்க தம்பி" என்று, அதாவது அண்ணன் வந்த பிறகு வரும்படி, சொன்னால் முகம் சுளிக்காமல் திரும்பி வரச் சொல்லுங்கள்.

யூசர் கோட் விஷயமும் இதேதான். கோட் நம்பரை வீட்டாரே அடிக்கட்டும், பையன் திரும்பி நிற்கட்டும். கண்ணுக்கு எதிரே திரும்பி நிற்கிறவனை வீட்டார் மறக்க மாட்டார்கள். பேனலின் செட்டிங்கை மாற்ற நாம் போடும் இன்ஸ்டாலர் கோட் எல்லா வீட்டிலும் ஒரே நம்பராக இருக்கிறதா? கம்பெனியிலிருந்து வந்த நம்பரே அப்படியே கிடக்கிறதா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியானால் உங்களை விட்டுப் போன ஒவ்வொருவனும் 140 வீட்டுக்கும் இன்னும் உள்ளே வர முடியும்.

பணத்துக்கும் ஒரு வழி செய்யுங்கள். பையனின் சொந்த நம்பருக்கு ஜிபே வாங்குவது கூடாது. கழற்றிய பழைய பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து, அதன் மேல் மார்க்கரில் எழுதிய தேதியைக் காட்டிய பிறகுதான் புதியதற்குப் பில். பழைய பேட்டரியைத் துடைத்து "புதுசு" என்று மாட்டுவது இந்தத் தொழிலில் நடக்கிறது. அதை முதலாளியே சொல்லிச் செய்த கடையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த பையன்கள் ஒவ்வொருவரும் பிறகு அந்த முதலாளியிடமே கை வைத்தார்கள். வேலையாள் முதலாளியின் சொத்தைத் திருடினால் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அவர் யாரையும் போலீஸில் கொடுக்கவில்லை. கொடுத்தால் பேட்டரிக் கதை வெளியே வரும்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும். போன வருடம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கேமரா கம்பெனி பனியன் போட்ட இரண்டு பையன்கள். ஒருவன் சொல்கிறான்: "அந்தப் பெரிய வீட்ல இப்பப் போக முடியாதுடா, பூட்டிக் கிடக்கு. உம்ராவுக்குப் போயிருக்காக, இருபதாந்தேதிதான் வருவாக." பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையன் தங்கமானவனாக இருக்கலாம், ஐந்து வருடக் கணக்கும் சுத்தமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது, அவன் சும்மா கொடுத்துவிட்டான். வீட்டின் பெயர், எப்போது வருவார்கள், எந்த அறையில் சென்சார் இல்லை. இந்த மூன்றும் கடைக்கு வெளியே பேசக் கூடாதவை என்று வேலைக்குச் சேரும் அன்றைக்கே சொல்லுங்கள். பேசுகிறவனை ஒரு தடவை எச்சரியுங்கள், இரண்டாவது தடவை அனுப்பிவிடுங்கள். இதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை.

சீனியர் பையனைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கேட்க வந்ததே அதுதான் என்று நினைக்கிறேன். ரீசெட் செய்தது பழக்க தோஷமாக இருக்கலாம். எதுவும் ஓடவில்லை என்றால் முதலில் ரீசெட் செய்வது நம் கையில் ஊறிய பழக்கம். லாக் வருகிற வரை அவன் மேல் சந்தேகத்தைச் சொல்லாதீர்கள், வேலையை விட்டும் நிறுத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "அந்த வீட்டில் எந்த ஜோனையாவது மூடி வைத்தாயா? சொல். மூடி வைத்திருந்தால் அதைச் சரி செய்வோம்" என்று கேளுங்கள். கேட்கும் முன், உங்கள் கையாலேயே நீங்கள் எங்காவது அப்படிச் செய்திருந்தால் அதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் அவனிடமிருந்து உண்மை வராது.

கீழக்கரை வீட்டாரிடம் நீங்களே போங்கள். அண்ணன் தம்பியை அனுப்ப வேண்டாம். துபாயில் இருப்பவரை வீடியோ காலில் வைத்துக்கொண்டே பேனலைத் திறங்கள். என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். ரெசிஸ்டர் உள்ளே இருந்தால், "இது எங்கள் தவறு" என்று சொல்லுங்கள், போலீஸிடமும் அதையே சொல்லுங்கள். அதனால் நஷ்ட ஈடு கேட்கலாம், வழக்கு வரலாம். வக்கீல் ஒருவரை முன்பே பார்த்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடமும் கேளுங்கள். ஊழியரின் நேர்மைக்கென்று பாலிசி இருக்கிறது. பெரும்பாலும் அது முதலாளியின் நஷ்டத்துக்குத்தான், வாடிக்கையாளர் பொருளுக்கும் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள். மற்ற வாடிக்கையாளர்களுக்கு விளக்கக் கடிதம் எதுவும் வேண்டாம். வீடு வீடாகப் போய் ஒவ்வொரு ஜன்னலையும் கதவையும் அவர்களையே திறக்கச் சொல்லி, ஹூட்டர் அடிக்கிறதா என்று அவர்கள் காதிலேயே கேட்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஒரு தடவை அடிக்கட்டும். தெருவே கேட்கட்டும்.

தங்கச்சிமடத்துப் பையனை எடுங்கள். முதல் மூன்று மாதம் கேபிள் இழுக்கட்டும், கீபேடைத் தொட வேண்டாம். அதன் பிறகு உங்களோடு சர்வீஸுக்குக் கூட்டிப் போங்கள். ஜூன் பாதியில் படகுகள் கிளம்பும்போது அவனுக்குக் கை அரிக்கும். அப்போது போக நினைத்தால் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

140 பேனலிலும் இன்ஸ்டாலர் கோட் மாற்ற ஒரு நாளைக்கு ஆறு வீடு வைத்தாலும் ஒரு மாதம் ஆகிவிடும். பட்டியல் போடும்போது பூட்டிக் கிடக்கும் வீடுகளை மேலே எழுதுங்கள். சாவி வைத்திருக்கும் உறவினருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்.